பானட்டுக்கு அந்தப் பக்கம்

விளக்கை முதலில் பார்த்தது அவள்தான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கண் முழுக்கச் சாலைமேல் இருந்தது. சாலை என்று சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. முகப்பு விளக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் ஈரமான தார், அதற்கப்பால் வெறும் வெள்ளை. மலையேற ஆரம்பித்ததிலிருந்தே பனிமூட்டம் கூடவே வந்துகொண்டிருந்தது. பிற்பகல்தான், பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாதபடி சுற்றிலும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகமுள்ளுக்குக் கீழே, சிவப்பாக ஒரு சின்ன எண்ணெய்க் குடுவை. அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

அது எப்போது எரியத் தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மினுக்கவில்லை, திடீரென்று பளிச்சிடவும் இல்லை. ரொம்ப நேரமாக அங்கேயே உட்கார்ந்துகொண்டு, நீ எப்போது பார்க்கிறாய் பார்ப்போம் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

"ஏங்க, இது என்ன லைட்டு?"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் காலை பிரேக்கில் வைத்தார்.

"எப்பலேருந்து எரியுது?"

"தெரியலையே. இப்பதான் கண்ணுல பட்டுது."

சாலையோரம் கொஞ்சம் அகலமாக, சரளை கொட்டிய இடம் ஒன்று சொல்லிவைத்தாற்போல் வந்தது. அதில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தார். ஒரு பக்கம் நீர் கசிகிற பாறைச் சுவர். மறுபக்கம் தாழ்வான கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இஞ்சின் நின்றதும் காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல் ஓர் அமைதி. சூடாறுகிற இரும்பு மட்டும் எங்கோ உள்ளே டிக், டிக் என்று முனகியது.

"அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடலாமே," என்றாள்.

"அப்படி நினைக்கிறவன் இஞ்சின்தான் பழைய இரும்புக் கடையில கிடக்கு. ஆயில் லைட்டு வந்தா யோசிக்கவே கூடாது, நிறுத்தணும். அவ்வளவுதான்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தையும் சந்தேகப்பட்டே பழகியவர். அவள் அதே கம்பெனியில் தொலைபேசியில் புகார் எடுப்பவள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து அலறும்போது, பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கார், கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. வந்துகொண்டிருக்கிற ஆள் பெரும்பாலும் இவராகத்தான் இருப்பார். அப்படிப் பழகி, இரண்டு பேருக்கும் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகு நடந்த கல்யாணம். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். காத்திருந்து கிடைத்த மனுஷர் என்பதால் அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும், இவர் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு நினைப்பு ஓடும். அந்த நினைப்பை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

அவர் இறங்கி, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்ணெய் கீழே இறங்கி அடங்க வேண்டுமாம், உடனே பார்த்தால் அளவு பொய் சொல்லுமாம். பிறகு பானட்டைத் திறந்து, அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவி, அவளிடம் கொண்டுவந்து காட்டினார். தேன் நிறத்தில் எண்ணெய், மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சரளைமேல் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"இந்த லைட்டுக்கு மூணே காரணம்தான். ஆயில் இல்ல. இல்லன்னா, ஆயில் இருக்கு, ஆனா ஓடல. அதுவும் இல்லன்னா, ரெண்டும் சரியா இருக்கு, லைட்டுதான் புளுகுது." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "முதல்ல சொன்னது இல்ல. மத்த ரெண்டையும் பார்த்துடுவோம். நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டு வை. லைட்டை விட்டுக் கண்ணை எடுக்காத."

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். பானட் தூக்கி நிற்கும்போது கண்ணாடி முழுவதையும் அது அடைத்துக்கொள்கிறது. சாலை இல்லை, பாறை இல்லை, அவரும் இல்லை. எதிரே நீலத் தகரம் மட்டும் சுவர்போல் நின்றது. பானட்டின் கீழ்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கையை நுழைக்கலாம் என்கிற அளவுக்கு ஓர் இடுக்கு. அதன் வழியாக அவருடைய சட்டைத் துணி நகர்வதும், விரல் ஒன்று வந்து போவதும் தெரிந்தன. அவள் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நினைவு வந்து விளக்கைப் பார்த்தாள்.

"லைட்டுக்குப் போற ஒயரைக் கழட்டிட்டேன். அணைஞ்சுதா?"

"இல்ல. எரியுது."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பார்க்கிறேன். எரியுது."

பானட்டுக்கு அந்தப் பக்கம் ஒயரை மறுபடி இழுத்துப் பார்க்கிற சத்தம். "ஒயரைக் கழட்டினா அணையணுமே," என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது கேட்டது. கேட்டது என்றாலும், எதிரிலிருந்து வரவில்லை. பனிமூட்டத்தில் குரல் திசை தவறிவிடுகிறது. பாறைச் சுவரில் பட்டு, வண்டிக்குப் பின்னாலிருந்து யாரோ சொல்வதுபோல் வந்தது. அவள் சட்டென்று பின்கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளை. வேறொன்றும் இல்லை.

அவர் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். ஒயர் எங்கேயோ உரசிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் அதை நம்பிப் பயனில்லை, எண்ணெய் உண்மையிலேயே ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கிற சுவிட்ச் கட்டை விரல் பருமன்தான். அதைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி இஞ்சினைச் சுழற்றினால், அந்தத் துளை வழியாக எண்ணெய் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் இஞ்சின் நலம். சுவிட்ச், இஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற பெல்ட்டை ஒட்டி, உள்ளே தள்ளி இருக்கிறது. முழங்கை வரை கையை விட்டால்தான் எட்டும்.

"நான் எப்பத் திருப்பணும்னு எப்படித் தெரியும்?"

"என்னைக் கட்டிக்கிட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார். "ஒரு தட்டு தட்டினா திருப்பு. ரெண்டு தட்டினா விடு. என் குரல் கேட்டா எதுவும் பண்ணாத. சாவி யார் கையில இருக்கோ அவங்க இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, உள்ள கையை விட்டவன் வந்து முகத்தைக் காட்டற வரைக்கும்."

கம்பெனியில் அவருக்குத் தட்டல்காரர் என்றே பெயர். பழைய கதை அது. ஒரு கட்டடத்தில் அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார், கூட்டாளி மேலே மோட்டார் அறையில். இவர் வாயே திறக்கவில்லை. மேலே இருந்தவனுக்கு இவர் குரலில் இறக்கு என்று கேட்டது. இறக்கிவிட்டான். இவர் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டதால் தோளில் தோல் உரிந்ததோடு போயிற்று. உன் குரல்தான், என் காதால கேட்டேன் என்று அந்தக் கூட்டாளி குழந்தைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தானாம். அன்றிலிருந்து இவருடன் வேலை செய்கிற யாரும் பேச்சைக் கேட்டு ஒரு பொத்தானையும் தொடக் கூடாது. இரும்பில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். புதிதாக வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். அவளும் செய்திருக்கிறாள்.

அவர் பானட்டுக்குப் பின்னால் மறைந்தார். ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம். ஒரு செருமல். சூடான எண்ணெயின் கசப்பு வாசனை காற்றோட்டத் துளை வழியாக உள்ளே வந்தது. அதோடு ஈரப் பாறையின் வாசனையும் கலந்து, மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல் இருந்தது.

டொக்.

சாவியைத் திருப்பினாள். வண்டி உடம்பைக் குலுக்கிக்கொண்டு இருமியது.

டொக் டொக்.

விட்டாள்.

"அடிச்சு ஊத்துது!" அவர் குரலில் குழந்தையின் குதூகலம். "இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. லைட்டுதான் புளுகுது, வேற ஒண்ணும் இல்ல."

அவளுக்கு மூச்சு வந்தது. அக்கா வீட்டில் சூடாக ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது. வண்டி வாங்கும்போதே சொன்னேன், நல்ல வண்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்று, என்கிற சண்டைக்கு வாசகங்களைத் தயார்செய்யக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

டொக்.

கை தானாகத் திருப்பியது. வண்டி இருமியது. அந்தப் பக்கம் ஓர் அலறல்.

சாவியை விட்டபோது அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இடுக்கில் சட்டைத் துணி இல்லை. "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னது நினைவிருந்தது. அவர் சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் எண்ணெய் துடைத்த துணி. பாதிதான் இருந்தது, மீதியைப் பெல்ட் தின்றிருந்தது.

"எதுக்குத் திருப்பினே?"

"நீங்க தட்டினீங்க."

"நான் தட்டல."

"ஒரு தட்டு. நல்லாக் கேட்டுது."

"ரெண்டு கையும் உள்ள இருந்துச்சும்மா. துளையைத் துணியால அடைச்சுக்கிட்டு இருந்தேன். எதால தட்டறது, மண்டையாலயா?"

அவள் அழுதுவிட்டாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். சூடாறுகிற இரும்பு இப்படித்தான் சமயத்தில் படீரென்று சத்தம் போடும், தப்பு என்னுடையதுதான், எண்ணெய் பீய்ச்சியதைப் பார்த்த உடனேயே பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும் என்றார். எதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அவரே நம்பவில்லை என்பது அவர் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

"கிளம்பிடலாம்."

"சுவிட்சைத் திருப்பிப் போடாம கிளம்ப முடியாது. இருக்கற ஆயில் எல்லாம் அந்த ஓட்டை வழியா ரோட்டுல போயிடும். கொஞ்ச நேரம்தான்."

அவளை இறங்கி வந்து பார்க்கச் சொல்லி, அவள் கண் முன்னாலேயே பேட்டரியின் கம்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவைத்தார். இப்போது எவன் தட்டினாலும், யார் சாவியைத் திருப்பினாலும் இது வெறும் தகர டப்பா, போய் நிம்மதியாக உட்கார் என்றார். அவள் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவியை அணைத்தாள். எரிந்தது. சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்போதும் எரிந்தது. பேட்டரி இல்லாத வண்டியில், சாவி இல்லாத வண்டியில், அந்தச் சின்னக் குடுவை சிவப்பாக, நிதானமாக.

"ஏங்க. இன்னும் எரியுது."

"எரியாது. நீதான் பார்த்தியே."

"வந்து பாருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். விளக்கு இல்லை. கறுப்பாகக் கிடந்தது. "ரொம்ப நேரம் சிவப்பைப் பார்த்தா கண்ணுலயே ஒட்டிக்கும்," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது கன்னத்தில் எண்ணெய் பூசிவிட்டார். அவர் தலை பானட்டுக்குப் பின்னால் மறைந்ததுதான் தாமதம், அது மறுபடி எரிந்தது.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவார். வந்தால் அணையும். போனால் எரியும். இந்த விளையாட்டில் நேரம்தான் போகும், நேரம் போனால் இருட்டும். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். விளக்கும் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சன்னமாக ஒரு சூடு அதிலிருந்து வந்து முகத்தில் படுவதுபோல் இருந்தது, பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதைப்போல.

பனி இன்னும் நெருங்கி வந்துவிட்டிருந்தது. கைப்பிடிச் சுவர் போய்விட்டது. பாறையும் போய்விட்டது. நீர் சொட்டுகிற சத்தம் மட்டும். ஸ்பேனர் சத்தம் நின்று எத்தனை நேரமாயிற்று? அவளுக்கு நினைவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தாள். துணி அசையவில்லை.

"ஏங்க?"

கண்ணாடியை விரலால் தட்டப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

எத்தனையோ பேர் அவளிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பதில் என்ன பயம் என்று அவள் உள்ளுக்குள் சலித்துக்கொண்டதும் உண்டு. இப்போது தெரிந்தது. பெட்டி பயமில்லை. வெளியே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் பயம்.

"கொஞ்சம் வாயேன்," என்றது அவருடைய குரல். "டார்ச்சைப் பிடி. ஒண்ணும் தெரியல."

அலுப்பும் செல்லமும் கலந்த அதே குரல். வீட்டில் அலமாரிக்கு அடியில் விழுந்த ஆணியைத் தேடும்போதும் இப்படித்தான் கூப்பிடுவார். அவள் கை கதவுப் பிடிக்குப் போனது, நின்றது. முகத்தைக் காட்டுகிற வரைக்கும் எழுந்திருக்காதே என்று சொன்னாரே.

"இங்க வந்து சொல்லுங்க."

"கையை எடுக்க முடியாதும்மா. வா, சீக்கிரம்."

நியாயமாகத்தான் இருந்தது. கையை எடுத்தால் சுவிட்ச் விழுந்துவிடும். தட்டினால்தான் என்று சொன்னது சாவி திருப்புவதற்கு. டார்ச் பிடிப்பதற்கு எதற்குச் சட்டதிட்டம்? அதுவும் பேட்டரியே இல்லாத வண்டிக்கு. சாவியோ கைக்குள் இருக்கிறது. தன் பயத்துக்காக மனுஷரை எவ்வளவு நேரம் குனிந்து நிற்கவைப்பது என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சரளை ஈரமாக நெரிந்தது. குளிர் கணுக்காலைப் பிடித்தது. வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். தகரம் நனைந்திருந்தது. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் மெத்தென்று கேட்டது. தான் சாத்தியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பானட்டைச் சுற்றி வந்தாள்.

அவர் அங்கேதான் இருந்தார். வலது கை முழங்கைக்கும் மேல் உள்ளே போயிருந்தது. கன்னம் இரும்போடு அழுந்தியிருந்தது. டார்ச் அவர் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்தது, பிடிக்க ஆளே தேவையில்லாமல். அவர் இடுக்கு வழியாக வண்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுக் கண்களை மட்டும் திருப்பினார்.

அந்தக் கண்கள் அவளைப் பார்த்த பார்வையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீ எப்படி இங்க..." குரல் காற்றாகத்தான் வந்தது.

"நீங்கதானே கூப்பிட்டீங்க. டார்ச்சைப் பிடின்னு."

"நான் கூப்பிடல."

சொட்டு. சொட்டு. பாறை நீர்.

"கை மாட்டிக்கிச்சு," என்றார், உதடு அசையாமல். "நீ கூப்பிட்டது கேட்டுது. பதில் சொன்னா கை அசைஞ்சுடும்னு பேசாம இருந்தேன். நீ உள்ள இருக்கியேன்னு தைரியமா இருந்தேன்."

"இருந்தேன். இப்பதான் இறங்கினேன்."

"இல்ல." அவர் கண் மறுபடி இடுக்குக்குப் போனது. "நீ உள்ளதான் இருக்க. உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவள் குனிந்தாள். குனியாமல் இருந்திருக்கலாம்.

இடுக்கு வழியாகக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் இருக்கை. இருக்கையில் ஒருத்தி. அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். அவளுடைய நரை. கன்னத்தில் எண்ணெய்க் கறை. முன்னால் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டு இருந்தாள், கண்ணை எடுக்காமல், சொன்னபடி. சிவப்பு அவள் முகத்தில் விழுந்திருந்தது. வலது கை ஸ்டீயரிங்குக்குக் கீழே, சாவித் துளையில். விரல்கள் எதையோ பிடித்திருந்தன.

இவள் உள்ளங்கையில் சாவி குத்தியது. பேட்டரிக் கம்பி கழன்றபடியே ஓரமாகக் கிடந்தது. இரண்டையும் பார்த்தாள். இரண்டும் இருக்க வேண்டியபடியே இருந்தன. அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. விளக்கு எரிய எது தேவைப்படவில்லையோ, இஞ்சின் ஓடவும் அது தேவைப்படாது.

"கையை உருவுங்க."

"வராது. மணிக்கட்டு குழாய்க்குப் பின்னால மாட்டியிருக்கு. ஸ்பேனர் வேற கையில. வழுக்குது." விரல்களை இன்னும் இறுக்கினார். "விட்டா, விழும்போது இடிக்கும்."

இடித்தால் சத்தம். ஒரு சத்தம். அவருடைய விரல்களுக்கு அடுத்தாற்போல் பெல்ட்.

ரெண்டு தட்டிச் சொல்லலாமே, விடு என்று, என அவள் மனது அலைந்தது. இரண்டு தட்டுவதற்கு முதலில் ஒன்று தட்ட வேண்டும்.

அவளுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? சாவியை மெதுவாக ஸ்வெட்டர் பைக்குள் விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் அவர் கை நுழைந்திருந்த வழியைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டாள். வெதுவெதுப்பான இரும்பு. எண்ணெய். பெல்ட்டின் பல் அவள் மணிக்கட்டைத் தடவியது. இன்னும் உள்ளே. அவருடைய விரல்கள். சில்லென்று இருந்தன. அவற்றுக்குள் ஸ்பேனர். அவர் பிடியோடு சேர்த்துத் தன் பிடியையும் போட்டாள்.

அவர் கை நடுங்கியது. பிடித்தால் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. நடுக்கம் அவள் கைக்கும் வந்தது. ஸ்பேனரின் நுனி இரும்புக்கு ஒரு நூல் தூரத்தில் ஆடியது.

"அசையாத," என்றார்.

"நீங்க அசையாதீங்க."

மூச்சை அடக்கினார்கள். நுனி ஆடியது. போய் வந்தது. போய் வந்தது.

இடுக்குக்கு அந்தப் பக்கம், உள்ளே இருந்தவள் விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். காது நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காத்திருந்தாள்.